எக்ஸ்ரேயில் தெரியாத நார்

மாவுக்கட்டைப் பிரித்தபோது வந்த நாற்றத்திலிருந்து தொடங்குகிறேன். நலம் விசாரிக்க வந்தவர்கள் எல்லோரும் வலியைப் பற்றிக் கேட்டார்கள். நாற்றத்தைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. நானாகச் சொல்லத் தொடங்கினாலும் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பேச்சை மாற்றினார்கள்.

கட்டு அறுக்கும் ரம்பம் மேல்கையிலிருந்து உள்ளங்கை வரை ஓடி நின்றது. அங்கிருந்த ஊழியர் இரண்டு பாதியையும் பிளந்து விலக்கினார். ஈரத் துணியை மூட்டையாகக் கட்டி மழைக்காலம் முழுக்க மூலையில் போட்டு வைத்தால் எப்படி நாறும், அந்த நெடி. உள்ளே கிடந்த கை சாம்பல் நிறத்தில் இருந்தது. தோல் செதில் செதிலாக உரிந்து நின்றது. முழங்கை மடிப்பில் அழுக்கு திரிதிரியாகச் சுருண்டிருந்தது. எல்லாவற்றையும்விட, முடி. கட்டுக்குள் வளர்ந்த முடி கறுத்து நீண்டு, வியர்வையில் தோலோடு ஒட்டிக் கிடந்தது. நான் பியூட்டி பார்லர் நடத்துகிறவள். அடுத்தவர் முகத்தில் ஒரு பூனைமுடி மிச்சமிருந்தாலும் எனக்குக் கை துறுதுறுக்கும். அந்தக் கையே இப்படிக் கிடந்ததைப் பார்த்துக் குமட்டியது. ஊழியர் ஒரு பழைய செய்தித்தாளை என் மடியில் விரித்து, "உதறுங்கம்மா" என்றார். உதறினேன். என் தோல் என் மடியிலேயே கொட்டியது.

என் பெயர் ரெஜினா. ஆஸ்டின் டவுனில் எங்கள் வீட்டின் முன்னறைதான் பார்லர். ஃபேஷியல், வாக்ஸிங் எல்லாம் செய்வேன் என்றாலும், என்னைத் தேடி வருகிறவர்கள் த்ரெடிங்குக்காகத்தான் வருவார்கள். நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்து, மீதியை இரண்டு கைகளிலும் முறுக்கிப் பிடித்து, புருவத்திலிருந்து முடியைப் பிடுங்குகிற வேலை. அதற்கு இரண்டு முழங்கைகளையும் இறக்கை மாதிரிப் பக்கவாட்டில் தூக்கியபடியே நிற்க வேண்டும். கணவர் அமல்ராஜுக்குப் பொம்மசந்திராவில் பிளாஸ்டிக் பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. அவருடைய தங்கை ஸ்டெல்லா அடுத்த தெருவில் இருக்கிறாள். கல்யாணம் செய்துகொள்ளாதவள், ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். அவளுக்கும் எனக்கும் பெரிதாக ஒத்துப்போனதில்லை. எதையும் சத்தமாகச் சொல்வாள். எனக்குச் சத்தம் ஆகாது.

நான் விழுந்தது மார்க்கெட் வாசலில். மழை அப்போதுதான் விட்டிருந்தது. நடைபாதையில் கொட்டிக் கிடந்த அழுகிய கோஸ் இலைகள்மேல் கால் வைத்துவிட்டேன். வழுக்கியதும் வலது கையைப் பின்னால் ஊன்றினேன். உடம்பின் எடை முழுக்க அந்த உள்ளங்கையில் இறங்கியது. முழங்கைக்குள் ஏதோ கிழிகிற சத்தம், பழைய பெட்ஷீட்டைக் கிழிப்பதுபோல, எனக்கே கேட்டது. அடுத்த நொடி கன்னம் சாக்கடைத் தண்ணீரில் இருந்தது. உதட்டில் ஒரு தக்காளித் தோல் ஒட்டியிருந்தது. அதைத் தட்டிவிடக் கை வரவில்லை. சுற்றி நின்றவர்களில் இருவர் போனில் படம் எடுத்தார்கள். உதவ வந்த ஒரே ஆள், "எந்திரும்மா எந்திரு" என்று அந்த வலது கையைப் பிடித்தே தூக்கினார். நல்ல மனதோடுதான் செய்தார் என்று தெரியும். இருந்தும் அவரை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

செய்தி கேட்டு அமல்ராஜ் ஓடிவந்தார். ஓசூர் ரோடு பக்கம் இருந்த ஒரு தனியார் மருத்துவமனைக்கு ஆட்டோவில் போனோம். முழங்கை எலும்பின் முனை, இருக்க வேண்டிய இடத்தை விட்டுப் பின்னால் துருத்திக்கொண்டிருந்தது. மூட்டு விலகல் என்றார்கள். மேல்கை எலும்பின் கீழ் முனையும் முன்கை எலும்புகளின் மேல் முனையும் ஒன்றுக்குள் ஒன்று பொருந்தி உட்கார்ந்திருக்கும் இடம் முழங்கை. விழுந்த வேகத்தில் அந்தப் பொருத்தம் கழன்றுவிட்டது. ஊசி போட்டு என்னை அரைமயக்கத்தில் ஆழ்த்தி, ஒருவர் மேல்கையைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் மணிக்கட்டை இழுத்து எலும்பை உள்ளே தள்ளினார். மறுபடி எக்ஸ்ரே எடுத்தார்கள். முறிவு எதுவும் இல்லை. "லக்கி" என்று அமல்ராஜைப் பார்த்துச் சொன்னார் டாக்டர். அதிர்ஷ்டசாலியின் தலைமுடியில் அப்போதும் கோஸ் இலை ஒட்டியிருந்தது. ஒரு நர்ஸாவது அதை எடுத்துப் போட்டிருக்கலாம்.

மேல்கையிலிருந்து உள்ளங்கை வரை மாவுக்கட்டு. வலது கை கட்டுக்குள் போனால் என்ன நடக்கும் என்று யாராவது முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். கழிவறையில் கழுவுவதும் இடது கை, சோற்றில் வைப்பதும் இடது கை. எத்தனை முறை சோப்புப் போட்டாலும் அந்தக் கையால் சோற்றைப் பிசைய மனம் ஒப்பவில்லை. ஸ்பூன் பிடித்தால் வாய்க்கு வழி தெரியாமல் தாடையில் முட்டியது. அமல்ராஜ் ஊட்டினார். ஷிப்ட் முடிந்து வருகிறவர் கையில் உருகிய பிளாஸ்டிக் வாடை இருக்கும். எவ்வளவு தேய்த்தாலும் போகாது. ரசம் சாதத்தோடு அந்த வாடையும் உள்ளே போகும். உருண்டை உருட்டத் தெரியாமல், சோறு என் மடியில் சிந்தச் சிந்த, அவர் அவ்வளவு கவனமாக ஊட்டுகிற முகத்தைப் பார்த்தால் ஒன்றும் சொல்ல முடியாது. கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினேன்.

குளிப்பாட்ட ஸ்டெல்லா வந்தாள். நான் கூப்பிடவில்லை. பள்ளிக்குப் போகும் வழியில் வந்து, கட்டின்மேல் பிளாஸ்டிக் பையைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டுவிட்டு ஸ்டூலைக் காட்டினாள்.

"உக்காருங்க அண்ணி."

"வேணாம் ஸ்டெல்லா, நானே குளிச்சுக்கறேன்."

"எப்படி? ஒத்தைக் கையால முதுகு தேப்பீங்களா? நேத்து வந்தப்பவே ஹால் வரைக்கும் வாசம் வந்துச்சு. சொன்னா மனசு கஷ்டப்படுவீங்கன்னு விட்டேன். உக்காருங்க."

நாத்தனார் முன்னால் துணியில்லாமல் உட்காருவதற்கு நாறிக்கொண்டே இருந்துவிடலாம் என்றிருந்தது. அவள் என்னைக் குக்கர் துலக்குவதுபோலத் தேய்த்தாள். தேய்க்கும்போது வாய் ஓயவில்லை. ஹெட்மிஸ்ட்ரஸ், பஸ், மாடிவீட்டு நாய் என்று எதையோ பேசிக்கொண்டே இருந்தாள். அந்தச் சத்தத்தை நான் வெறுத்தேன். ஒருநாள் அவளுக்குத் தொண்டை கட்டி, பேசாமல் குளிப்பாட்டினாள். அன்றைக்குத்தான் நான் அழுதேன்.

கட்டைப் பிரித்த அன்று டாக்டர் கையை ஒருமுறை மடக்கி நீட்டிப் பார்த்தார். பாதிக்குமேல் நீளவில்லை. போகப்போகச் சரியாகும் என்றார். பிசியோதெரபிக்குப் போக வேண்டாமா என்று கேட்டேன்.

"பேடம்மா, அதெல்லாம் வேணாம். வீட்டு வேலை செய்யுங்க, அதுவே எக்ஸர்சைஸ்" என்றார், கன்னடம் கலந்த தமிழில்.

வீட்டு வேலை செய்தேன். கை கொஞ்சம் கொஞ்சமாக நீண்டது. அதோடு புதிதாக ஒன்றும் தொடங்கியது. நாற்காலியின் கைப்பிடியை ஊன்றி எழும்போது முழங்கைக்குள் ஏதோ வழுக்கி வெளியே போய், 'டொக்'கென்று திரும்ப உள்ளே விழும். கோயிலில் முழங்காலிட்டு எழும்போது முன் பெஞ்சைப் பிடித்து ஊன்றினால் விழும். தட்டை ஏந்தினால் விழும். வலி பெரிதில்லை, அந்த வழுக்கல்தான் தாங்க முடியவில்லை. ஆடுகிற பல்லை நாக்கால் தள்ளும்போது ஒரு கூச்சம் வருமே, அது கை முழுக்க ஓடுவதாக நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் வாந்திக்கு முன் ஊறுவதுபோல வாயில் எச்சில் ஊறியது. சொந்தக் கையோடு ஒரே படுக்கையில் படுக்கவே அருவருப்பாக இருந்தது.

அமல்ராஜோடு மறுபடியும் அதே மருத்துவமனை. காத்திருக்கும் கூடத்தில் நாற்காலிகள் பிசுபிசுத்தன. பக்கத்தில் ஒருவர் சாக்ஸைக் கழற்றிப் பாதத்தைச் சொறிந்து, அந்த விரல்களாலேயே பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து எனக்கும் ஒன்று நீட்டினார். டிவியில் யாரோ எண்ணெய் கொதிக்கக் கொதிக்கச் சமைத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் முறை வந்தபோது டாக்டர் புதிய எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்திருந்தார்.

"ஏனூ இல்லம்மா, ஒண்ணும் இல்ல, நார்மல். பாருங்க, ஜாயின்ட் எவ்ளோ அழகா உக்காந்திருக்கு."

"அசையாம வெச்சிருந்தா உக்காந்திருக்கு டாக்டர். ஊனினா நழுவுது."

அவர் அமல்ராஜ் பக்கம் திரும்பினார். "விழுந்த பயம் இன்னும் போகல. இந்த வயசுல லேடீஸுக்கு இந்த மாதிரி வரும். மனசு அமைதியா இருக்க ஒரு மாத்திரை எழுதறேன், குடுங்க."

என் கையை அவர் தொடவேயில்லை. கட்டிப்போட்ட மாட்டைப் பற்றிச் சொந்தக்காரரிடம் பேசுகிற மாதிரி என் தலைக்குமேலே பேசி முடித்தார்.

ஆட்டோவில் அமல்ராஜ் மெதுவாகச் சொன்னார்: "படம் பாத்துத்தான சொல்றாரு. படிச்சவரு."

"என் கையைத் தொட்டுப் பாத்தாரா?"

"இல்ல, ஆனா..."

"நீங்க தொட்டுப் பாத்தீங்களா?"

அவர் டிரைவரிடம் வழி சொல்லத் தொடங்கினார். மாத்திரையைச் சில நாள் விழுங்கினேன். வாய் உலர்ந்து, தலை பஞ்சாகிப் போனது. கை பாட்டுக்கு நழுவிக்கொண்டிருந்தது. சந்தேகம் என் மேலேயே திரும்ப ஆரம்பித்தது. நானாகத்தான் கற்பனை செய்கிறேனோ, எனக்குத்தான் ஏதோ கழன்றுவிட்டதோ என்று.

அதுவரை மூடிக் கிடந்த பார்லரைத் திறந்துவிட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஸ்டெல்லா வந்து உட்கார்ந்தாள். கூட வேலை பார்க்கிறவர் வீட்டில் கல்யாணம், புருவத்தைச் சரிசெய்து, கையில் வாக்ஸிங்கும் செய்துவிட வேண்டும். பக்க மேஜையிலிருந்த சூடான வாக்ஸ் பாத்திரத்தை வலது கையால் ஏந்தி எடுத்தேன். கை பக்கவாட்டில் நீண்டிருந்தது, உள்ளங்கை மேலே பார்த்திருந்தது. முழங்கை வழுக்கியது. கை தானாகவே மடிந்தது. பாத்திரம் சரிந்து, வாக்ஸ் முழுக்க ஸ்டெல்லாவின் வலது பாதத்தில் கொட்டியது.

அவள் போட்ட சத்தத்தில் தெருவே வந்துவிட்டது. வாளித் தண்ணீரில் பாதத்தை முக்கினேன். ஆறி இறுகிய வாக்ஸை எடுத்தபோது தோலும் கூடவே வந்தது. தேன் நிற வாக்ஸில் வெளுத்த தோல், பாலாடை மாதிரி. எனக்குத் தலை சுற்றியது. இடது கையால் வலது முழங்கையைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தேன். ஸ்டெல்லா அழுதுகொண்டே என் முழங்கையைப் பார்த்தாள்.

"அண்ணி, உங்க கை கழண்டுச்சு. நான் கண்ணால பாத்தேன். எலும்பு வெளிய தள்ளிக்கிட்டுப் போய் உள்ள வந்துச்சு."

அவள் பாதம் அப்படி வெந்து கிடக்கும்போது எனக்கு நிம்மதி வந்தது. வெட்கமில்லாத நிம்மதி. என்னைத் தவிர இன்னொருவர் அதைப் பார்த்துவிட்டார்.

மாலையில் அமல்ராஜ் வந்ததும், கட்டுப் போட்ட காலை ஸ்டூலில் நீட்டியபடி அவள் ஆரம்பித்தாள். "அண்ணா, உன் பொண்டாட்டி பைத்தியமில்ல. முதல்ல அந்தக் கையைப் பிடிச்சுப் பாரு."

அவர் என் முன்னால் உட்கார்ந்து முழங்கையை இரண்டு கைகளாலும் பிடித்தார். நான் மேஜையில் உள்ளங்கையை ஊன்றினேன். வழுக்கியது. துணிக்குள் தவளையைத் தொட்டுவிட்டவர்போலக் கையை இழுத்துக்கொண்டார். முகம் வெளுத்திருந்தது. மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. "நாளைக்கு லீவு போடறேன்" என்றார்.

கைக்கென்றே தனிப் பிரிவு இருக்கிற ஒரு பெரிய மருத்துவமனையை அவருடைய கம்பெனியில் யாரோ சொன்னார்கள். அந்தக் காத்திருப்புக் கூடத்தில் எங்கு பார்த்தாலும் கைகள். மெஷினில் நசுங்கியவை, வெந்தவை, கம்பி துருத்திக்கொண்டிருந்தவை. எதிரே ஒரு தொழிலாளியின் கையை அவருடைய வயிற்றோடு சேர்த்துத் தைத்து வைத்திருந்தார்கள். வயிற்றுத் தோல் கையில் பிடிக்கிறவரை அப்படியே இருக்க வேண்டுமாம். அந்தத் தையல் பக்கமிருந்து ஒரு இனிப்பு கலந்த வீச்சம் வந்தது. அவர் மனைவி அந்த வீச்சத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து அவருக்கு இட்லி ஊட்டினாள். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். சுவரில் துப்பாதீர்கள் என்று மூன்று மொழியில் எழுதியிருந்தது. அதற்கு நேர் கீழேயே துப்பியிருந்தார்கள்.

டாக்டர் ஐம்பது வயதுப் பெண்மணி. தமிழ் பேசினார். எடுத்த எடுப்பில் அவரும் அமல்ராஜைப் பார்த்துத்தான், "எப்போ விழுந்தாங்க?" என்று கேட்டார்.

எங்களோடு வந்து, ஒரு காலில் செருப்பும் ஒரு காலில் கட்டுமாக நின்ற ஸ்டெல்லா குறுக்கிட்டாள். "கை அவங்களோடது டாக்டர். அவங்களையே கேளுங்க."

டாக்டர் ஒரு கணம் ஸ்டெல்லாவைப் பார்த்துவிட்டு என் பக்கம் நாற்காலியைத் திருப்பிக்கொண்டார். "சொல்லுங்க."

சொன்னேன். கேட்டுவிட்டு, கைப்பிடி வைத்த ஒரு நாற்காலியில் என்னை உட்காரச் சொன்னார். விரல்கள் வெளிப்பக்கம் பார்க்கிறபடி கைப்பிடிகளில் ஊன்றி, காலில் பலம் கொடுக்காமல் எழுந்திருக்கச் சொன்னார். பாதி எழுந்ததும் எலும்பு நகர ஆரம்பித்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவர் என் கையை அல்ல, முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பயமா இருக்கா?"

"அருவருப்பா இருக்கு டாக்டர்."

"சரி. முழுசா எழுந்திருக்க வேணாம். நிறுத்தினீங்களே, அதுதான் எனக்கு வேணும்."

பிறகு ஸ்கேன் எடுத்துப் பார்த்து விளக்கினார். எலும்பையும் எலும்பையும் சேர்த்துக் கட்டி வைத்திருக்கும் நாரை லிகமென்ட் என்கிறார்கள். முழங்கைக்கு உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று. எனக்கு வெளிப்பக்க நார் விழுந்த அன்றைக்கே அறுந்து, சரியாக ஒட்டாமல் போயிருக்கிறது. அதனால் உள்ளங்கையை மேலே திருப்பி ஊன்றினால் முன்கை சுழன்று பின்னால் நழுவுகிறது. எக்ஸ்ரேயில் எலும்புதான் விழும், நார் விழாது. அசையாமல் வைத்துப் படம் எடுத்தால் மூட்டு அழகாகத்தான் உட்கார்ந்திருக்கும்.

"அந்த டாக்டர் ஏன் இதைப் பாக்கல?" என்று கேட்டேன்.

"சில சமயம் கண்டுபிடிக்கறது கஷ்டம்" என்றார், பார்வையைத் தாழ்த்தி. ஒரு டாக்டரை இன்னொரு டாக்டர் விட்டுக்கொடுக்க மாட்டார் என்று புரிந்தது. அவர்மேல் வந்த மரியாதையில் கொஞ்சம் அப்போதே போனது.

பழைய நாரைத் தைத்தால் இனிப் பிடிக்காது. உடம்பின் வேறு இடத்திலிருந்து ஒரு நாரை எடுத்து, எலும்பில் துளை போட்டுக் கோத்து, புது லிகமென்டாகக் கட்ட வேண்டும் என்றார். கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்து மணிக்கட்டை மடக்கச் சொன்னார். மணிக்கட்டின் நடுவில் கயிறுபோல ஒன்று எழும்பியது. அதைத்தான் எடுக்கப்போகிறார்கள். சிலருக்கு அது பிறவியிலேயே இருக்காதாம், இல்லாததால் குறையும் கிடையாதாம். உடனே ஸ்டெல்லாவும் விரல்களைச் சேர்த்து மடக்கிப் பார்த்தாள்.

"டாக்டர், எனக்கு இல்லவே இல்லையே!"

அமல்ராஜும் மடக்கிப் பார்த்தார். அவருக்கு இருந்தது. "என்னோடதை எடுத்துக்க முடியுமா டாக்டர்?" என்று கேட்டார். முடியாது என்று டாக்டர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அதுவரை அவர் சொன்ன எதையும்விட அந்தக் கேள்வி எனக்குள் இறங்கியது.

செலவில் பெரும்பகுதியைக் கம்பெனி இன்சூரன்ஸ் ஏற்றது. அதற்கு ஒப்புதல் வருகிறவரை அமல்ராஜ் கவுண்டருக்கும் என் கட்டிலுக்குமாக நடந்த நடை தனிக்கதை.

அறுவை சிகிச்சைக்குத் தோள்பக்கம் ஊசி போட்டுக் கையை மட்டும் மரத்துப்போகச் செய்தார்கள். பிறகு தூக்கமும் கொடுத்தார்கள். தூக்கம் வருவதற்குமுன் ஒரு நர்ஸ் என் வலது கையைத் தூக்கி மஞ்சள் மருந்தைத் தடவினார். அது என் கை என்று எனக்குத் தெரியவில்லை. கசாப்புக் கடையில் எடை போடத் தூக்கிய துண்டுபோல அவர் பிடியில் தொங்கியது.

வார்டில் விழித்தபோது முகத்தின்மேல் யாரோ கை வைத்திருந்தார்கள். சூடான, கனமான, ஈரமான கை. இடது கையால் தட்டிவிட்டேன். அது கழுத்தில் மாட்டியிருந்த தூளித் துணியிலிருந்து நழுவிய என் வலது கைதான். மரப்பு போகாததால் தொட்டது எனக்கே தெரியவில்லை. விரல்கள் உப்பி, நகங்களுக்கடியில் மஞ்சள் மருந்தும் காய்ந்த ரத்தமும். என் வாய்மேல் அதன் வாடை இருந்தது. நான் கத்தியிருக்க வேண்டும். ஸ்டெல்லா ஓடிவந்து அதை எடுத்துத் தலையணைமேல் வைத்து, முந்தானையை நனைத்து என் வாயைத் துடைத்துவிட்டாள். "உங்க கைதான் அண்ணி, உங்க கைதான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். முதன்முறையாக அவள் தாழ்ந்த குரலில் பேசிக் கேட்டேன்.

வார்டைப் பற்றி அதிகம் எழுத மாட்டேன். காயத்திலிருந்து ஒரு குழாய் வழியாக ரத்தநீர் ஒரு குப்பியில் சேரும். பக்கத்துக் கட்டில் அம்மாளுக்குச் சாப்பாட்டு நேரத்தில்தான் அது கண்ணில் படும், "ரொம்பிடுச்சு பாருங்க" என்பார். மருந்து வைக்கும் அலமாரியைத் திறந்தால் கரப்பான். கழிவறையின் தரை எப்போதும் ஈரம், எதன் ஈரம் என்று தெரியாது. அமல்ராஜ் ஒவ்வொரு முறையும் எனக்கு முன்னால் உள்ளே போய்ப் பினாயில் ஊற்றிக் கழுவிவிட்டு, வெளியே வந்து நிற்பார். பெண்கள் கழிவறைக்குள் என்ன வேலை என்று ஆயா திட்டியபோதும் அவர் நிறுத்தவில்லை.

உண்மையான வேலை அதற்குப் பிறகுதான் என்று யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. கீல் வைத்த ஒரு பட்டையைக் கையில் மாட்டினார்கள். அனுமதித்த அளவுக்குமேல் மடங்காது, நீளாது. பிசியோதெரபிஸ்ட் ஷோபா கன்னடக்காரர். கறாரானவர். முதல் விதி: கையைப் பக்கவாட்டில் தூக்கக் கூடாது. அப்படித் தூக்கினால் முன்கையின் கனம் முழுக்கப் புது நாரை இழுக்கும். மல்லாந்து படுத்து, கையைக் கூரைப் பக்கம் உயர்த்தி, அங்கேயே மடக்கி நீட்ட வேண்டும். அந்த நிலையில் கையின் எடையே எலும்புகளைப் பொருத்தி உட்கார வைக்குமாம். உள்ளங்கையைத் திருப்பும் பயிற்சியை முழங்கையை விலாவோடு ஒட்டி மடக்கி வைத்துத்தான் செய்ய வேண்டும். பிறகு அசையாமல் பலம் கொடுக்கும் பயிற்சி: இடது கை தள்ள, வலது கை நகராமல் எதிர்க்க வேண்டும். மணிக்கட்டையும் பிடியையும் வலுவாக்கினால் முன்கைச் சதைகள் முழங்கையை இழுத்துப் பிடித்துக்கொள்ளும், நார் ஒற்றையாகச் சுமக்க வேண்டியதில்லை என்றார்.

கண்ணை மூடச் சொல்லி, இடது கையை ஒரு கோணத்தில் மடக்கி வைத்து, வலது கையையும் அதே அளவு மடக்கச் சொல்வார். கண்ணைத் திறந்தால் இரண்டும் வெவ்வேறு இடத்தில் இருக்கும். "கை எங்கே இருக்குன்னு கைக்கே மறந்துபோச்சு. மெதுவா ஞாபகம் வரும்" என்பார். ஒரு தட்டில் பந்தை வைத்து, விழாமல் உருட்டச் சொல்வார். நாள் முழுக்க அந்தப் பந்து தரையில்தான் கிடந்தது.

பிடிக்குப் பலம் வர, பிசைவதற்குக் களிமண் மாதிரி ஒரு பச்சை உருண்டையைக் கொடுத்தார்கள். எத்தனையோ பேர் பிசைந்தது. உள்ளே முடி இருந்தது. சுருண்டது, நரைத்தது, எந்த இடத்து முடி என்று யோசிக்கத் தோன்றாதது. இன்னொரு பாத்திரத்தில் விரல்களைப் புதைத்துக் கிளற அரிசி வைத்திருந்தார்கள். அரிசி கறுத்துப்போயிருந்தது. நான் தொட மாட்டேன் என்றேன். ஷோபாவுக்குக் கோபம் வந்தது. மறுநாள் ஸ்டெல்லா ஒரு டப்பாவில் கெட்டியாகப் பிசைந்த மைதா மாவைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"புது மாவு. என் கையை நல்லாக் கழுவிட்டுத்தான் பிசைஞ்சேன். ஒழுங்கா அமுக்குங்க. அமுக்கலைன்னா ராத்திரிக்கு இதையே சப்பாத்தியா சுட்டுத் தருவேன்."

தினமும் புது மாவு வந்தது. மாதக்கணக்கில் வந்தது.

இப்போது பார்லர் நடக்கிறது. பழைய வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். முழங்கை கடைசிக் கொஞ்சம் நீளாது. நீளவே நீளாது என்று சொல்லிவிட்டார்கள். கையை இறக்கையாகத் தூக்கி நிற்க முடியாது என்பதால், வருகிறவர்களைப் படுக்கவைத்து, தலைமாட்டில் உட்கார்ந்து, முழங்கைகளை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு நூலை ஓட்டக் கற்றேன். நேரம் கூடுதலாகிறது. புருவம் கோணலாவதில்லை.

போன வாரம் கடைசிப் பரிசோதனை. டாக்டர் கையைப் பிடித்து முறுக்கினார், தள்ளினார். நழுவவில்லை. அவர் முகம் மலர்ந்தது. கதவைத் திறந்து பயிற்சி மருத்துவர்களைக் கூப்பிட்டார். வெள்ளைக் கோட்டுகள் உள்ளே வந்து என்னைச் சூழ்ந்தன.

"இங்க பாருங்க. பிடிச்சு, வெளிப்பக்கமாத் திருப்பி, தள்ளுங்க. ஒவ்வொருத்தராப் பாருங்க."

ஒவ்வொருவராகப் பார்த்தார்கள். ஒருவன் கை வியர்த்துப் பிசுபிசுத்தது. ஒருவன் விரலில் சமோசா எண்ணெய். ஒருத்தி என்னைப் பார்க்காமலே என் தழும்பை நகத்தால் வருடினாள். இன்னொருவன் இரண்டாம் முறையும் முறுக்க வந்தான். அவன் இறுக்கிப் பிடித்திருந்த கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். அவன் தடுமாறி ஒரு எட்டு முன்னால் வந்துவிட்டான்.

"போதும்" என்றேன். "இது என் கை."

டாக்டர் என் முழங்கையையே பார்த்தார். பிறகு மாணவர்களிடம் திரும்பினார்.

"பாத்தீங்களா? இவ்வளவு வேகத்துல இழுத்தும் மூட்டு அசையல. நல்ல ஸ்டெபிலிட்டி. எழுதிக்குங்க."

எழுதிக்கொண்டார்கள். என் கோபமும் அவர்களுக்கு ஒரு பரிசோதனை முடிவு. சீ என்றிருந்தது. டாக்டருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று வீட்டிலிருந்து கிளம்பும்போதே நினைத்திருந்தேன். சொல்லாமல் எழுந்து வெளியே வந்தேன்.

வராந்தாவில் ஸ்டெல்லா எழுந்து நின்றாள். "என்ன அண்ணி, மூஞ்சி இப்படி இருக்கு? என்ன சொன்னாங்க?"

"சரியாயிடுச்சாம்."

"அதுக்கா இந்த மூஞ்சி?" என்றாள், வராந்தா முழுக்கக் கேட்கும்படி.